செயலில் இல்லாதவர்

…இல்லை, இந்த டீயைக் குடித்து முடித்துவிட்டுச் செய்துகொள்ளலாம், டீ எப்போதோ ஆறி மேலே ஆடை கட்டிவிட்டது, இருந்தாலும் கோப்பை இன்னும் காலியாகவில்லை அல்லவா, காலியாகாத வரைக்கும் அது ஒரு சாக்கு என்று நினைத்துக்கொண்டே அவள் திரையில் இருந்த தம்பியின் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர், கீழே எலக்ட்ரீஷியன், அதற்குக் கீழே மெயின்டனன்ஸ் பிரிவு, பக்கத்தில் பச்சையாக ஒரு சின்ன வட்டம், ‘செயலில் உள்ளவர்’ என்று. செயலில் உள்ளவராம். சட்டைக்குப் பொத்தான் போட அம்மாவைக் கூப்பிட வேண்டியிருக்கிறது, கூப்பிடப் பிடிக்காமல் பனியனோடு நாள் முழுக்க அறைக்குள் கிடக்கிறான், அவனைப் போய்ச் செயலில் உள்ளவர் என்று சொல்ல உலகத்தில் இந்த ஒரு திரை மட்டும்தான் மிச்சம், ஆஸ்பத்திரிக்காரர்கள் வேறு மாதிரி சொல்லிவிட்டார்கள், கம்பெனி இன்னும் வேறு மாதிரி, எதிர்வீட்டுக்காரர்கள் எதுவும் சொல்வதில்லை, உச்சுக்கொட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்… அந்தப் பச்சையை அவள் தன் விரலால்தான் அணைக்க வேண்டுமா? வேறு ஆள் கிடைக்கவில்லையா? கிடைக்காது, பிளானர் அவள், சிஸ்டத்தில் ஆளைச் சேர்ப்பதும் எடுப்பதும் அவள் வேலை, தம்பியைச் சேர்த்தவளும் அவள்தான், அன்றைக்கு இதே நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, “அக்கா, போட்டோவுல ஒரு கண்ணு மூடியிருக்கு, வேற போடு” என்று அனத்தினான், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னாள், மாற்றவில்லை, இப்போதும் பச்சை வட்டத்துக்கு மேலே அவன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அரைச் சிரிப்பு சிரித்துக்கொண்டிருந்தான்.

காலையில் வந்து அதைச் செய்யச் சொன்னவர் உடனடி. மெயின்டனன்ஸ் மேனேஜருக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு, ஆனால் மனிதர் தண்ணீர் கேட்டாலும் உடனடியாக வேண்டும் என்றே கேட்பதால் தொழிற்சாலை முழுக்க அவருக்கு அதுவே பெயர், அவருக்கும் தெரியும், கண்டுகொள்வதில்லை. அப்படிப்பட்டவர் இன்றைக்கு அவசரமே இல்லாதவர் மாதிரி வந்து நின்று, ஜன்னல் கண்ணாடியில் படிந்திருந்த காகிதத் தூசியை விரலால் ஒரு கோடு இழுத்து, அந்தக் கோட்டைப் பார்த்தபடியே பேசினார். “புது எலக்ட்ரீஷியன் சேர்ந்துட்டாரு. அவருக்கு ஐடி வேணும். புதுசா லைசென்ஸ் கிடையாது, உங்களுக்கே தெரியும்… தம்பியோடத எடுத்துட்டு இவருக்குக் குடுத்துடுங்க.” கொஞ்சம் நிறுத்தி, “கம்ப்ரசர் நேத்துலேர்ந்து நிக்குது, ஆளு இல்லாம நானும் என்ன செய்ய?” என்றார். தம்பி என்றுதான் சொன்னார், பெயரைச் சொல்லவில்லை, அது அவளுடைய தம்பி என்ற அர்த்தத்திலா, பொதுவாகவா, எப்படியிருந்தாலும் பெயரைச் சொல்லாமல் இருந்தாரே, அந்த மட்டுக்கும் நல்ல மனிதர்தான், ஆஸ்பத்திரிக்கும் வந்தார், பழக்கூடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசிவரை கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். யார்மேல் கோபப்படுவது? கோபப்பட ஒரு ஆள் கிடைத்தால்கூடப் பரவாயில்லை, இங்கே எல்லோரும் நல்லவர்களாக இருந்து தொலைக்கிறார்கள்.

அந்தப் புது எலக்ட்ரீஷியன் அவளுக்கு எதிரே, ஸ்டோர்ஸ் பக்கத்துச் சுவரோரமாகப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில், முழங்காலில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளையும். பார்க்கக் கூடாது என்று நினைக்க நினைக்க அங்கேதான் கண் போனது. ஐடி வரும்வரை அவருக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை, ஏனென்றால் எல்லாம் சிஸ்டம், அட்டைப்பெட்டி செய்கிற தொழிற்சாலையில் காகிதம் ஓடுகிறதோ இல்லையோ சிஸ்டம் ஓட வேண்டும், எந்த மெஷின் படுத்தாலும் முதலில் சிஸ்டத்தில் ஒர்க் ஆர்டர் போட வேண்டும், அதை அவள் ஒருவர் பெயருக்குத் தள்ளிவிட வேண்டும், அவர் தன் போனில் திறந்து ‘ஏற்கிறேன்’ என்று தொட வேண்டும், தொட்டால்தான் ஸ்டோர்ஸில் ஒரு வாஷர்கூட வெளியே வரும். வேலை முடியாதவரை சிவப்பு, முடிந்தால் பச்சை. சிஸ்டம் வந்த புதிதில் சிரிப்பாகத்தான் இருந்தது, யாரோ ஒரு புண்ணியவான் அதைத் தமிழாக்கிக் கொடுத்திருந்தான், மெஷின்களுக்கெல்லாம் ‘சொத்து’ என்று பெயர் வைத்திருந்தான், கம்பளி அண்ணன் பாய்லரைத் தட்டித் தட்டி, “எனக்குன்னு இருக்கற ஒரே சொத்து இதாம்மா, இதையும் கம்பெனிக்காரன் எழுதி வாங்கிட்டான்” என்று சொல்லிச் சிரிக்க வைத்தார். கம்பளி அண்ணன் ஃபிட்டர், பாய்லர் பக்கத்து வெக்கையிலும் கம்பளிக் குல்லாயைக் கழற்றாத ஆள். மெஷின் ஏன் நின்றது என்று எழுதுகிற இடத்துக்கு ‘தோல்விக் காரணம்’ என்று இருந்தது, அதைப் பார்த்துவிட்டுத் தம்பிதான், “நாம எங்கக்கா தோத்தோம், மெஷின்தானே தோத்துச்சு?” என்று… போதும்.

“அக்கா, ஏதாவது ஃபார்ம் நிரப்பணுமா?” என்று கேட்டார் புதியவர். “இல்லைங்க, கொஞ்சம் இருங்க. சர்வர் மெதுவா இருக்கு” என்றாள். சர்வர் நன்றாகத்தான் இருந்தது. அக்கா என்று கூப்பிடுகிறாரே, மேடம் என்று கூப்பிட்டுத் தொலைக்கக் கூடாதா, எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், இவருக்கு மட்டும் தனியாக ஒரு சட்டமா? காலையில் கைகுலுக்கும்போதே தன் குழந்தைக்கு இப்போதுதான் பல் முளைக்கிறது, அதனால் வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை என்று சொன்னார், கேட்காமலே சொன்னார், பிடித்துப்போகிற மாதிரியான ஆள், அதுதான் சங்கடம்.

லைசென்ஸ் என்பது என்ன, கையில் பிடிக்க முடியாத ஒரு நாற்காலி, இத்தனை நாற்காலிதான் என்று கம்பெனி வாங்கிப் போட்டிருக்கிறது, ஒருவர் எழுந்தால்தான் இன்னொருவர் உட்காரலாம். தம்பி எழுந்து போய் எத்தனையோ மாதம் ஆகிவிட்டது, உண்மைதான், அவன் நாற்காலி சும்மாதானே கிடக்கிறது என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும், ஆனால் சும்மா கிடக்கவில்லை. அது அவளுக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். கட்டோடு வீட்டுக்கு வந்தவன் முதல் சில வாரம் யாரோடும் பேசவில்லை, அட்டையை நெளிக்கிற உருளை அவன் வலது கையை இழுத்துக்கொண்டது மணிக்கட்டுக்கு மேல்வரைதான், ஆனால் ஆளையே முழுசாக இழுத்துக்கொண்ட மாதிரி இருந்தது, விசாரணையில் அவன் மெஷின் சுவிட்சை அணைத்துப் பூட்டாமல் கையை விட்டான் என்று முடிவுசெய்தார்கள், பூட்டினேன் என்று சொன்னான், திரும்பத் திரும்பச் சொன்னான், அப்புறம் அதையும் சொல்லாமல் விட்டுவிட்டான். அம்மா ஸ்பூனை எடுத்து வந்து ஊட்டப் போனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வான். அப்படியிருக்கும்போது ஒரு சாயங்காலம், அவள் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்க, அறையிலிருந்து குரல் வந்தது. “பாய்லர் பம்ப் மறுபடியும் சிவப்பா கெடக்கே, சீல் போயிருக்கும்னு கம்பளி அண்ணன்கிட்ட சொல்லு.” அம்மா சமையலறை வாசலில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். பிளானரான அவளுக்கே பம்ப் நின்றது தெரியாது, கிளம்பிய பிறகு நின்றிருக்கிறது, இவன் தன் போனில் சிஸ்டத்தைத் திறந்து இடது கைக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் பார்த்திருக்கிறான். மறுநாள் பார்த்தால் சீல்தான்.

அன்றிலிருந்து அதுதான் அந்த வீட்டுக்கு விளக்கு என்று சொன்னாலும் தகும். சாப்பாட்டு மேஜைக்கு அவன் எழுந்து வருவதே அதைப் பேசத்தான், பசை பம்ப் என்ன ஆச்சு, வெட்டுற மெஷின்ல கன்வேயர் மாத்தினாங்களா, இந்த மாசம் எத்தனை சிவப்பு, இவனுங்க ஏன் சென்சாரைத் துடைக்காம மாத்திக்கிட்டே இருக்கானுங்க… அம்மாவுக்கு ஒரு வார்த்தை புரியாது, ஆனால் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு கதை கேட்பது போலக் கேட்பாள். ஸ்பூனை அவனே இடது கையில் பிடித்துக்கொள்வான், கொஞ்சம் சிந்தும், சிந்தினது யார் கண்ணிலும் படாது. மற்ற நேரமெல்லாம் கதவு சாத்தியேதான் இருக்கும், கை வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார், வேறு வேலைக்கு ஏதாவது என்று பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவான், சிநேகிதர்கள் வருவது நின்றுவிட்டது. இருப்பது அந்தச் சின்னத் திரை ஒன்றுதான், அதிலும் சிவப்பும் பச்சையும்தான். இப்போது அதையும் அவளே பிடுங்க வேண்டும், புதியவரின் குழந்தைக்குப் பல் முளைக்கிறது, கம்ப்ரசர் நிற்கிறது, நியாயம் எல்லாம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது, அப்படியென்றால் இந்தப் பக்கம் என்ன இருக்கிறது?

கடைசியாக ஒரு தடவை தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டுப் பார்த்தாள். சிஸ்டத்தைப் பார்த்துக்கொள்கிறவன் வாயில் எதையோ மென்றுகொண்டே பேசினான். “ஒரே ஒரு ஐடிதான் சார், பார்க்க மட்டும், வேலை எதுவும் ஒதுக்க வேணாம்” என்றாள். “பார்க்க மட்டும்னாலும் அதுவும் ஒரு லைசென்ஸ்தாங்க. யாருக்கு?” யாருக்கென்று கேட்டால் என்னவென்று சொல்வது, வீட்டில் இருக்கிற ஒருவருக்கு என்றா? “சும்மா கேட்டேன் சார்.” அப்புறம் எழுந்து போய் உடனடியைப் பிடித்தாள், அவர் பேனல் முன்னால் நின்று கம்பளி அண்ணனோடு எதற்கோ வாதாடிக்கொண்டிருந்தார். “சார், பிளான்ட் ஹெட்டுக்கு ஒரு ஐடி இருக்கு, அவர் ஒருநாளும் தொறந்ததே இல்ல, அதை எடுத்துப் புதுசா வந்தவருக்கு…” சொல்லி முடிப்பதற்குள் அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார், கோபமில்லை, பரிதாபம். “என்னம்மா பேசறீங்க? அவரோடத நான் எப்படி எடுப்பேன்?” எடுக்க முடியாதுதான், பெரியவர்களின் காலி நாற்காலி காலி நாற்காலி ஆகாது. தன்னுடைய பாஸ்வேர்டையே தம்பிக்குக் கொடுத்துவிட்டால்? அதையும் யோசித்துவிட்டாள், நடந்து வருகிற வழியிலேயே யோசித்துவிட்டாள், ஒரே நேரத்தில் ஒரு இடத்தில்தான் திறக்கும், அவன் திறந்தால் இவளை வெளியே தள்ளும், இவள் திறந்தால் அவனை, ஒரு வாசல்படியில் இரண்டு பேர் முட்டிக்கொண்டு நிற்பது மாதிரி.

திரும்ப வந்து உட்கார்ந்து, டீயை ஒரே மடக்காகக் குடித்துவிட்டு, ‘செயலிழக்கச் செய்’ என்ற இடத்தை அழுத்தினாள். சிஸ்டம் மாட்டேன் என்றது. இவர் பெயரில் முடிக்கப்படாத பணி ஒன்று உள்ளது என்றது. அடடா, நீயாவது எனக்காகப் பேசுகிறாயே என்று ஒரு கணம் நெஞ்சு லேசானது, ஒரு கணம்தான், என்ன பணி என்று அவளுக்குத் தெரியும், அன்றைக்கு அவன் எடுத்த வேலை, பசை தடவுகிற இடத்தில் இருக்கும் சென்சாரைச் சரிசெய்வது. சென்சாரை மறுநாளே வேறு ஒருவர் மாற்றிவிட்டார், உருளையைக் கழுவி லைனை ஓடவிட்டுவிட்டார்கள், ஆனால் சிஸ்டத்தில் மட்டும் அந்த வேலை இன்னும் நடந்துகொண்டே இருக்கிறது, ‘பணி நடைபெறுகிறது’ என்று, அவன் இன்னும் அங்கேயே குனிந்து நின்று, இன்னும் கையை உள்ளே விடாமல்… வாராவாரம் நிலுவை வேலைகளைக் கழிக்கும்போதெல்லாம் அந்த ஒரு வரியைத் தாண்டிக் கீழே போய்விடுவாள், ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது முடிக்க வேண்டும். முடிப்பதற்கு முன்னால் தோல்விக் காரணத்தைத் தேர்ந்தெடுக்கவும் என்றது. தேய்மானம். எண்ணெய் இல்லாமை. தவறான இயக்கம். உதிரிபாகக் குறைபாடு. மற்றவை. இதில் எதைச் சொல்வது, பிறந்ததிலிருந்து இருட்டுக்குப் பயந்தவன், சின்ன வயதில் கரண்ட் போனால் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அழுதவன், அதனாலேயே எலக்ட்ரீஷியன் ஆனேன் என்று பெருமையடித்துக்கொண்டவன், அவனுக்கு இதில் எது? தவறான இயக்கம் என்று போட்டால் விசாரணைக்காரர்கள் சொன்னதுக்குக் கையெழுத்துப் போட்ட மாதிரி. மற்றவை என்று போட்டாள். பச்சை ஆனது.

“நீங்கள் உறுதியாக இருக்கிறீர்களா?” என்று அடுத்ததாகக் கேட்டது. நிச்சயம்தானா என்று கேட்க வேண்டியதை அந்தப் புண்ணியவான் இப்படி மாற்றி வைத்திருந்தான், எத்தனையோ முறை பார்த்த வரிதான், வாசிக்காமலே ஆம் என்று தட்டுகிற வரிதான். இல்லை, உறுதியாக இல்லை, அப்பா போனதிலிருந்து உறுதியாக இருக்கிற மாதிரி நடந்துகொண்டு வருகிறேன், அவ்வளவுதான், என்று பதில் சொல்ல அதில் இடமில்லை. எதிரே நாற்காலி கிறீச்சிட்டது, புதியவர் காலை மாற்றிப் போட்டுக்கொண்டார். ஆம் என்று தட்டினாள். வட்டம் சாம்பல் நிறமானது, ‘செயலில் இல்லாதவர்’. ஒரு சத்தமும் இல்லை. வேலை ஒதுக்குகிற இடத்தில் போய்ப் பார்த்தாள், அவன் பெயர் இருந்த இடத்தில் மேலே இருந்த பெயரும் கீழே இருந்த பெயரும் ஒன்றையொன்று நெருங்கி உட்கார்ந்துகொண்டன, நடுவில் ஒருவர் இருந்தார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். புதியவரின் பெயரைச் சேர்த்தாள், போட்டோ எடுத்தாள், இரண்டு கண்ணும் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். “அக்கா, வந்துடுச்சு” என்று போனைக் காட்டினார் அவர், முகமெல்லாம் மலர்ச்சி, இரண்டு கட்டைவிரலாலும் டக்டக்கென்று தட்டி ஏற்கிறேன் என்று போட்டுவிட்டுக் கம்ப்ரசரைப் பார்க்க ஓடினார்.

அதற்கப்புறம் மத்தியானம் முழுக்கப் போனை மேஜைமேல் முகம் தெரிய வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இப்போது திறந்திருப்பான், இப்போது வெளியே தள்ளியிருக்கும், பாஸ்வேர்டைத் தப்பாகப் போட்டோமோ என்று இடது கையால் மறுபடி மறுபடி தட்டியிருப்பான், எத்தனை தடவை தட்டிய பிறகு புரியும்? போன் அதிரும்போதெல்லாம் பெயரைப் பார்க்காமலே எடுத்தாள். பேப்பர் ரோல் கிளாம்ப் உடைந்துவிட்டது என்று ஒரு அழைப்பு. ஸ்டோர்ஸிலிருந்து ஒன்று. தம்பி கூப்பிடவில்லை. கூப்பிட்டால் என்ன சொல்வது, சர்வர் மாத்தறாங்கடா எல்லாருக்கும் இப்படித்தான் என்று சொல்லலாம், ஒரு வாரம் ஓட்டலாம், அப்புறம்? நேராகச் சொல்லிவிட்டால்? இன்னொருத்தருக்கு வேணும்னு எடுத்துட்டேன்டா, நான்தான்டா எடுத்தேன்… கூப்பிடாமல் இருப்பதுதான் இன்னும் பயமாக இருந்தது, கூப்பிடாமல் அவன் என்ன செய்துகொண்டிருக்கிறான்? அம்மாவுக்குப் போன் போட்டு என்னம்மா பண்றே என்றாள். “துணி காயப்போடறேன். ஏன்?” “சும்மாதான். அவன்?” “அவன் என்ன, ரூம்லதான்.” சாயங்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் கம்பளி அண்ணன் வந்தார், குல்லாயைக் கழற்றாமலே அதற்குள் விரலை விட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு வாசலிலேயே நின்றார். “ஸ்டார்ட்டர மாத்தியாச்சும்மா. புதுசா வந்தவன் வேலைக்காரன்தான், நல்லாத்தான் மாத்தினான். ஆனா சுவிட்சைப் போட்டதும் டப்புனு ட்ரிப் ஆகி நின்னுடுச்சு. மோட்டாரே வெந்து போச்சு. கழட்டி வெளிய அனுப்பணும், எப்ப வருமோ.” அதாவது புதியவருக்கு ஐடி கொடுத்தும் ஒன்றும் ஆகவில்லை, இன்றைக்கு எடுத்திருக்கவே வேண்டாம், மோட்டார் வரும்வரை அவன் நாற்காலி அவனிடமே இருந்திருக்கலாம். திரையில் கம்ப்ரசர் சிவப்பாகவே இருந்தது. “உனக்கு என்னம்மா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?” “ஒண்ணுமில்லண்ணே. தலைவலி.”

பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தாள், மூன்றும் வாய்க்குள்ளேயே புளித்துப்போயின. முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணின் தோளில் ஒரு குழந்தை இவளையே பார்த்தது, சிரிக்கவில்லை. இறங்க வேண்டிய நிறுத்தத்தில் இறங்கினாள், தாண்டிப் போயிருந்தால்கூடப் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது என்று தோன்றியது, ஆனால் கால் தானாக இறங்கிவிட்டது. மருந்துக்கடை, சைக்கிள் கடை, பூட்டியே கிடக்கிற தையல் கடை, மாடிப்படி, படியில் யாரோ வைத்துவிட்டுப் போன வாளி. எது நடந்திருந்தாலும் கதவைத் திறந்ததும் தெரிந்துவிடும், கத்துவான், கத்தினால் நல்லது, கத்தட்டும், போனைத் தூக்கிச் சுவரில் அடித்திருந்தாலும் நல்லது. கதவைத் திறந்தாள். எதுவும் உடையவில்லை. அம்மா தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

அவனே அறையிலிருந்து வந்தான், வழக்கம்போல வலது கையைப் பனியனுக்கு அடியில் மடித்து வைத்துக்கொண்டு, வழக்கம்போல ஜன்னல் பக்கத்து நாற்காலியில். போனை மேஜையில் கவிழ்த்து வைத்தான். அவள் சாப்பாட்டைத் தட்டில் வைத்து, பிசைந்து, வாய்க்குக் கொண்டுபோகாமல் காத்திருந்தாள், இப்போது கேட்பான், இதோ கேட்கப்போகிறான். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு அவன் சொன்னான், “கம்ப்ரசர் முடிஞ்சிடுச்சு போல.” அவள் பிசைந்ததையே மறுபடி பிசைந்தாள். “மத்தியானம் பார்த்தேன். பச்சை ஆயிடுச்சு. ஸ்டார்ட்டர்தான், நான் நேத்தே நெனைச்சேன்.” மத்தியானம் பார்த்தான்… மத்தியானம் எதைப் பார்த்தான்? மத்தியானத்துக்கு முன்னாலேயே அவள் அவனை எடுத்துவிட்டாளே, அவன் பார்த்திருந்தால் மூடிய கதவைத்தான் பார்த்திருக்க வேண்டும், பச்சையை எப்படிப் பார்த்தான், பச்சையே ஆகவில்லையே, இந்த நிமிஷம்வரை அது சிவப்பாக அல்லவா கிடக்கிறது. ஸ்டார்ட்டரை மாற்றினால் நாளை மத்தியானத்துக்குள் பச்சை ஆகிவிடும் என்று நேற்றுச் சாயங்காலம் சொன்னது யார்? அவள்தான். பாத்திரம் துலக்கிக்கொண்டே கம்பளி அண்ணனோடு போனில் பேசினாள், தொட்டிக்கு அந்தப் பக்கம் அவன் கட்டில், நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அப்படியென்றால் முந்தாநாள் சொன்ன கன்வேயர்? அதையும் பேசினாள். போன வாரத்து சென்சார்? அதையும். பாய்லர் பம்ப் நிஜம், அன்றைக்கு அவளுக்கே தெரியாததைச் சொன்னான், அதுமட்டும் நிஜம், அப்புறம் எப்போது நிறுத்தினான், எந்த நாளில் அந்தத் திரையைத் திறக்கக் கை வராமல் கவிழ்த்து வைத்தான், அதற்கப்புறம் எத்தனை சாயங்காலங்கள் இவள் சொன்னதையே இவளுக்குத் திருப்பிப் பரிமாறினான், எதற்காக, யாருக்காக? அவன் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான், ஆனால் ஒருமுறை, சட்டென்று, பந்து எங்கே விழுந்தது என்று பார்க்கிறவன் மாதிரி அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். “நல்லா ஓடுதா?” என்றான். “ஓடுதுடா” என்றாள். தன் குரல் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. “சத்தமே இல்லாம ஓடுது.” அவன் தலையாட்டினான். ஸ்பூனிலிருந்து கொஞ்சம் சிந்தியது. பிறகு தட்டை நகர்த்திவிட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

பாத்திரங்களைத் தொட்டியில் போட்டு அம்மா குழாயைத் திறந்தபோது போன் அடித்தது. கம்பளி அண்ணன். கையலம்பிய ஈரத்தைத் துடைத்துக்கொண்டு அவள் எடுத்தாள். “மோட்டாரைக் கழட்டி வண்டில ஏத்திட்டோம்மா, ஒர்க் ஆர்டர்ல என்னன்னு போடட்டும்?” என்றார். அவள் சுவரைப் பார்த்தாள். அதற்கு அந்தப் பக்கம் கட்டில் லேசாக முனகியது. “ஆமாண்ணே, பச்சை ஆயிடுச்சாமே, சந்தோஷம்” என்றாள், கொஞ்சம் சத்தமாக. “என்னம்மா? மோட்டார் வெந்துடுச்சுன்னு சொன்னேனே.” “நல்லாதானே ஓடுது? அப்படியே அந்த பசை பம்பையும் நாளைக்குப் பாத்துடுங்கண்ணே, அது மறுபடியும் சிவப்பா கெடக்கு. லீக்குதான், வேற ஒண்ணும் இருக்காது.” பசை பம்புக்கு ஒன்றும் இல்லை, பசை பம்ப் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அம்மா, இவளைத் திரும்பிப் பார்க்காமல், கழுவுகிற தட்டைக் கையில் பிடித்தபடியே, குழாயை மூடினாள். தண்ணீர்ச் சத்தம் நின்றது. வீடு அவ்வளவு அமைதியாகிவிட்டது, சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் மூச்சுவிடுவதுகூடக் கேட்கும் போலிருந்தது, இங்கே பேசுவது அங்கே ஒரு சொல் விடாமல் விழும்… அம்மாவுக்கு எப்போதிலிருந்து தெரியும்? தினமும் இவள் போனில் பேசும்போதெல்லாம் இப்படித்தான் குழாயை மூடிக்கொண்டிருந்தாளா?

“ஏம்மா, நீ யார்கிட்ட பேசறே?” என்றார் கம்பளி அண்ணன்.